நூத்திப் பத்தாவது மூவ்

"அங்கிள், கையில அது என்னங்க?"

செஸ் டோர்னமென்டில் ஏழாவது சுற்று ஆரம்பிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பையன் என் விரலைப் பார்த்துக் கேட்டான். மஞ்சள்தான் கண்ணு, என்றேன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். தையில் புது மஞ்சள் வர ஆரம்பித்தால் சித்திரை வரைக்கும் விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை என்று எழுதுவதும், சாம்பிளை ஒடித்துப் பார்ப்பதுமாகவே பொழுது போகும். ராத்திரி சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. அன்றைக்கு எனக்கு வெள்ளைக் காய். ஆட்டம் முடிகிறபோது என் மந்திரியின் தலை லேசாக மஞ்சள் ஏறிக் கிடந்தது.

மாசி மாசத்தில் மூணு நாள் லீவு கேட்டால் முதலாளி என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை. வீட்டில் சொன்னதை எழுதலாம். "அங்க போயி பிளாஸ்டிக் பொம்மைய நவுத்தறதுக்கு, இங்க அந்தப் பீரோவச் சித்தே நவுத்திக் குடுத்துட்டுப் போங்க." நவுத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கம். ரேட்டிங் டோர்னமென்ட், ஏழு சுற்று, ஆளுக்கு 60 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுதல். நானூறு நாற்காலியில் முந்நூத்தைம்பதில் உட்கார்ந்திருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நாற்பத்தாறு வயசுக்காரன் உள்ளே போனால் காவலுக்கு நிற்பவர் "பேரண்ட்ஸ் வெளியில நில்லுங்க" என்கிறார். மூணு நாளும் என்னிடம் சொன்னார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யானை, மந்திரி என்றுதான் எழுதுவேன். இப்போதைய பிள்ளைகள் ரூக், பிஷப் என்கிறார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வாயில் அது ஆனை, மந்திரி. அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதல் அறுபது மூவைப் பற்றிப் பெருசாக ஒன்றுமில்லை. பையன் கோபியிலிருந்து வந்தவன், எட்டாவது படிக்கிறான், ரேட்டிங் என்னைவிட எண்பது புள்ளி அதிகம். நடுவில் அவசரப்பட்டு ரெண்டு சிப்பாய்க்கு ஒரு மந்திரியைக் கொடுத்தான். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தோம். 62ஆவது மூவில் அவனுடைய கடைசிச் சிப்பாயை நான் எடுத்தேன். 63ஆவதில் என் கடைசிச் சிப்பாயை அவன் யானை எடுத்தது. போர்டில் மிச்சம் ஐந்து காய். என்னிடம் ராஜா, யானை, மந்திரி. அவனிடம் ராஜா, யானை.

எடுத்த சிப்பாயை ஓரமாக வைத்துவிட்டு, "டிராங்களா அங்கிள்?" என்றான்.

கேட்டது சரிதான். இந்த முடிவாட்டம் ஒழுங்காக ஆடினால் டிரா. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

"ஆடலாங் கண்ணு" என்றேன்.

வாசலில் நின்றிருந்த அவன் அப்பா நெற்றியைச் சுருக்கினார். பக்கத்து போர்டில் ஆட்டம் முடிந்து எழுந்த ஒருவர், போகிற போக்கில் என் காதுபட, "சின்னப் பையங்கிட்டப் போயி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

எனக்கு இருபது வயசு இருக்கும்போது ஈரோடு ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு வீட்டுத் திண்ணையில் பொழுதோட செஸ் நடக்கும். லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் வீடு அது. ஒரு நாள் இதே முடிவாட்டம் வந்தது. மந்திரி அவரிடம், வெறும் யானை என்னிடம். நான் அப்போதுதான் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்திருந்தேன். "இது டிராங்க" என்று காயை அடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "டிராதான் தம்பி, யாரு இல்லீனது? ஆடிக் காட்டு." நாற்பது மூவில் மேட் வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் வேறு ஆட்டமே ஆடவில்லை. தினமும் இந்த ஐந்து காயை வைப்பார், ஒரு நாள் நான் மந்திரி, மறுநாள் நான் யானை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆனது. இருபத்தாறு வருஷத்தில் டோர்னமென்டில் ஒரு தடவைகூட அது எனக்கு வந்ததில்லை. வந்த அன்றைக்கு டிரா கொடுத்துவிட்டு போண்டா சாப்பிடப் போயிருந்தால் அந்த ஒரு வாரத்துக்கு என்ன கணக்கு?

இன்னொன்று. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று உலகச் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூட, ரெண்டு பேரிடமும் ஒரு யானை ஒரு மந்திரி. டிராதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குகேஷ் எழுந்திருக்கவில்லை. 55ஆவது மூவில் டிங் லிரன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், முடிந்தது. அன்றைக்கு இந்த அரங்கத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் கை தட்டியிருக்கும்.

ஆனால் பையன் சும்மா இல்லை. படித்திருந்தான். நடு போர்டில் காக்ரேன் தடுப்பு என்று ஒன்று உண்டு. ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் வக்கீலாக இருந்தவர். மகேஷ்சந்திர பானர்ஜி என்கிற வங்காளிக்காரரோடு அவர் அங்கே ஆடிய ஆட்டங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. காக்ரேன் வழி இதுதான். ரெண்டு ராஜாவுக்கும் நடுவில் குறைந்தது ரெண்டு வரிசை இடைவெளி இருக்கும்போது, யானை பின்னாலிருந்து வந்து மந்திரியை அதன் ராஜாவோடு சேர்த்துக் கட்டிப் போட்டுவிட வேண்டும். மந்திரி அசைய முடியாது. கட்டை அவிழ்க்க வெள்ளை ராஜா ஒரு பக்கம் விலகியாக வேண்டும். அது இடது பக்கம் போனால் கறுப்பு ராஜா வலது பக்கம் ஓட வேண்டும். வலது போனால் இடது. அவ்வளவுதான். கேட்க எளிது, மூணு மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஆடிப் பார்த்தால் தெரியும்.

முப்பது மூவ் அப்படித்தான் போனது. நான் விலகுவேன், அவன் எதிர்ப்பக்கம் ஓடுவான். மறுபடி கட்டுவான். ஸ்கோர்ஷீட் தீர்ந்து ஆர்பிட்டர் ரெண்டு பேருக்கும் புதுத்தாள் கொடுத்துவிட்டுப் போனார். பையன் தன் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு மூவுக்கும் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டு வந்தான். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. எங்கள் மண்டியில் மூட்டை எண்ணும்போது போடுகிற அதே கோடு. காய் வெட்டுப்படாமல், சிப்பாய் நகராமல் ஆளுக்கு 50 மூவ் போனால் டிரா கேட்கலாம் என்பது சட்டம். அவன் ஐம்பதை எண்ணிக்கொண்டிருந்தான், நானும் அதே கோட்டைத் தலைகீழாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த ஐம்பது சங்கதியில் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்து காய் நிலைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் எப்போதோ அலசி முடித்துவிட்டது. இந்த முடிவாட்டத்தில் ஜெயிக்கிற நிலைகளிலேயே மிக நீளமானதில், மேட் வைக்கவோ யானையை வெட்டவோ 59 மூவ் வேண்டும். சட்டமோ 50தான் தருகிறது. அதற்காகவே ஃபிடே என்கிற உலகச் செஸ் சம்மேளனம் ஒரு காலத்தில் இதற்கும் இன்னும் சில முடிவாட்டங்களுக்கும் எண்ணிக்கையை நீட்டி வைத்திருந்தது. 1992-இல் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் 50 என்று ஆக்கிவிட்டது. எங்கள் ஃபிட்டர் ஐயாவுக்கு அந்தக் கோபம் கடைசி வரைக்கும் தீரவில்லை.

94ஆவது மூவ். என் ராஜா ஒரு கட்டம் விலகியது. பையன் கொட்டாவி விட்டான். வாயை மூடிக்கொண்டே ராஜாவை எடுத்தான், என் ராஜா போன பக்கமே வைத்தான்.

வைத்த உடனே தெரிந்துவிட்டது அவனுக்கு. ஆனால் விரல் காயின் தலையை விட்டு வந்தாகிவிட்டது, காய் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. தொட்ட காய், தொட்ட கையோடு போக வேண்டிய கட்டத்துக்கும் போயாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு முழி. கிளாக்கை அமுக்கினான்.

ரெண்டு மூவில் நிலை இப்படி வந்தது (கட்டத்துக்குப் பேர், என் இடமிருந்து ஏ முதல் எச் வரை எழுத்து, என் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்). என் ராஜா டி6, மந்திரி டி5, யானை எஃப்1. அவன் ராஜா டி8, யானை ஈ2. நான் ஆட வேண்டும். கோடு முப்பத்திரண்டு.

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. இது ஃபிலிடோர் நிலை. ஃபிலிடோர் பிரெஞ்சுக்காரர், பிழைப்புக்கு இசையமைப்பாளர். 1749-இல் அவர் போட்ட செஸ் புத்தகம் இன்றைக்கும் பேசப்படுகிறது. அவர் பேரால் வழங்குகிற இந்த நிலை கைக்கு வந்தால் வெள்ளை ஜெயித்தாக வேண்டும். பதினைந்து மூவ். என்னிடம் மிச்சம் இருந்தது பதினெட்டு. கிளாக்கில் எனக்கு ரெண்டு நிமிஷம் சொச்சம், அவனுக்கு ஒரு நிமிஷத்துக்கும் கம்மி.

யானை எஃப்8, செக். அவன் யானை ஈ8-இல் குறுக்கே வந்தது. நான் எஃப்7. அவன் திரும்ப ஈ2. இங்கே ரெண்டாவது வரிசைக்குப் போனான் பாருங்கள், அதுதான் இருப்பதில் நல்ல தடுப்பு. ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

98ஆவது மூவ், யானை எஃப்7-இலிருந்து எச்7. பார்த்தால் வெட்டி மூவ். ஆனால் இப்போது அவன் ஏதாவது ஆடியாக வேண்டும். யானை ஈ ஃபைலை, அதாவது ஈ எழுத்து நெடுக்கு வரிசையை, விட்டால் எச்8-இல் செக், அதோடு மேட்தான், குறுக்கே விழுந்தாலும் நிற்காது. அதே ஃபைலில் ஈ1 அல்லது ஈ3 போகலாம். அந்த நல்ல ரெண்டாவது வரிசையைத்தான் விட வேண்டும். ஈ1 போனான். நான் யானையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து பி7-இல் வைத்தேன். இப்போது பி8-இல் மேட். தடுக்க அவன் யானை சி ஃபைலுக்கு வர வேண்டும், சி1-க்கு வந்தது.

நூறாவது மூவ். மந்திரி டி5-இலிருந்து பி3.

இந்த ஒரு மூவுக்காகத்தான் அந்த ஒரு வாரம். ராஜாவை ஒட்டி நிற்கிற மந்திரியைப் பின்னால் கொண்டுபோக யாருக்கும் கை வராது. எனக்கும் வராமல்தான் அன்றைக்குத் திண்ணையில் மூணு தடவை தப்புப் பண்ணினேன். ஐயா அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்: "மந்திரி பொறத்தால போறாப்புலதான் இருக்குந் தம்பி. அது கதவச் சாத்தறதுக்குப் போவுது."

கதவு என்றால் டி1. மந்திரி டி5-ஐ விட்டு நகர்ந்தால் கறுப்பு யானைக்கு டி ஃபைலில் செக் கிடைக்கும், அந்த செக்கை வைத்துத்தான் அவன் பிழைப்பான். யானை முதல் வரிசையில் இருந்தால் செக் கொடுக்கிற கட்டம் டி1. அது வெள்ளைக் கட்டம். என் மந்திரி வெள்ளைக் கட்டத்து மந்திரி, பி3-இல் உட்கார்ந்தால் டி1 அதன் வாயில். மூணாவது வரிசை என்றால் டி3, அதுவும் வெள்ளை, அதையும் சாத்தலாம். ரெண்டாவது வரிசை என்றால் டி2, கறுப்புக் கட்டம். என் மந்திரி தலைகீழாக நின்றாலும் அதைக் காக்க முடியாது. ஈ2 நல்ல இடம் என்று சொன்னது இதற்குத்தான். எச்7 என்கிற வெட்டி மூவ் பண்ணியதும் இதைத்தான், அவனைக் கறுப்புக் கட்டத்துச் செக்கிலிருந்து வெள்ளைக் கட்டத்துச் செக்குக்குத் தள்ளியது.

பையன் என் மந்திரியை வெறித்துப் பார்த்தான். முப்பது விநாடி கரைந்தது. யானையை சி3-க்கு ஏற்றி மந்திரிக்குக் குறி வைத்தான். மந்திரி ஈ6. டி3-இல் செக். மந்திரி திரும்ப டி5. யானை சி3. சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் அவன் யானை இப்போது மூணாவது வரிசையில் மாட்டிக்கொண்டது.

அடுத்த நாலும் கை தானாகப் போனது. யானை டி7 செக், ராஜா சி8. யானை எச்7, ராஜா பி8. யானை பி7 செக், ராஜா சி8. யானை பி4. ராஜா டி8.

107, மந்திரி சி4. ரெண்டாவது கதவு. ஒரே காயில் ரெண்டு வேலை: டி3-இல் செக் இல்லை, சி ஃபைலும் அடைபட்டது, அவன் யானையால் சி8-க்கு ஓடிவந்து குறுக்கே விழ முடியாது. மந்திரியை வெட்டினால் பி4-இல் இருக்கிற என் யானை எடுக்கும். ராஜா ஈ8 போனால் பி8-இல் அங்கேயே மேட்.

இந்த இடத்தில் பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மூணு மணி நேரத்துக்கு மேல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், முகத்தைப் பார்த்தது அப்போதுதான். பார்த்துவிட்டு ராஜாவை சி8-இல் வைத்தான். மந்திரி ஈ6 செக். டி8. யானை பி8 செக். யானை சி8-இல் வந்து விழுந்தது. வெட்டினேன். மேட்.

110ஆவது மூவ். கோடு நாற்பத்தாறு போட்டிருந்தான். நாற்பத்தேழாவதைப் போடவில்லை. இன்னும் நாலு மூவ் தாக்குப் பிடித்திருந்தால் டிரா கேட்டிருக்கலாம். ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது அவன் மூக்கை உறிஞ்சினான், நான் பார்க்காத மாதிரி பேனா மூடியைத் தேடினேன். ஏழுக்கு நாலரை, பரிசு வரிசைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

வெளியே கல்லூரி வாசலில் ஒரு டீக்கடை. பருப்பு போண்டா தீர்ந்து எண்ணெய்ச் சட்டிதான் இருந்தது. பையனும் அப்பாவும் அங்கேதான் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். அவரே வந்தார்.

"ஏனுங்ணா, டிராவுன்னுதானுங்களே சொல்றாங்க அத?"

"டிராதானுங்க."

"அப்பறமுங்?"

பதில் சொல்வதற்குள் பையன் பையிலிருந்து மடக்குகிற காந்த போர்டை எடுத்துப் பெஞ்சில் விரித்துவிட்டான். டி6, டி5, எஃப்1, டி8, ஈ2. ஒரு காய்கூட யோசிக்காமல் வைத்தான்.

"நான் வெள்ளை ஆடறனுங்க. நீங்க யானைய வெச்சுக்கங்க."

"டீ சாப்புடுங்ணா. சக்கரை போடலாங்களா?" என்றார் அப்பா.

"கம்மியாப் போடச் சொல்லுங்க."

எஃப்8, எஃப்7, எச்7 எல்லாம் சரியாக வந்தது. பி7-உம் வந்தது. நான் சி1-க்கு வந்தேன். அவன் மந்திரியை நேராக ஈ6-க்குக் கொண்டுபோனான். டி1-இல் செக் வைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ரெண்டு காயையும் பழைய இடத்தில் வைத்தான். பி3 என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் ஆட்டத்தில் பார்த்ததுதான், ஆனால் அது நான் வைத்தது.

அவன் போர்டைத் தன் பக்கம் திருப்பினான். விரலால் டி1-ஐத் தொட்டான், டி2-ஐத் தொட்டான், டி3-ஐத் தொட்டான். மறுபடி டி2.

"அங்கிள், இது மட்டும் கறுப்பு."

கோபி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அப்பா பையைத் தோளில் மாட்டினார். பையன் நிமிரவில்லை. மந்திரியின் தலைமேல் கையை வைக்காமல், ஒரு விரக்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டே, "அடுத்த பஸ்ஸுக்குப் போலாங்ப்பா" என்றான்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், அந்த மஞ்சளையோ என்னவோ. கண்டக்டரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கடைப்பக்கம் திரும்பினார்.

"இன்னும் ரெண்டு டீ போடுங்ணா. ஒண்ணுல சக்கரை கம்மி."